கோப்பைக்குள் பூ

முந்தானையில் ஒரு செங்கல்லை முடிந்துகொண்டு குளத்தில் இறங்கினேன். விடிந்தும் விடியாத நேரம்.

தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. இறங்கிய காலைக் காணோம்.

எல்லாம் என் கைங்கரியம்.

காஜா பெராங்கில் இந்த பங்களாவை ஜப்பான் அதிகாரி ஒருவன் எடுத்துக்கொண்ட நாளிலிருந்து வீட்டு வேலை எனக்கு, தோட்டத்துக் குளம் என் வீட்டுக்காரர் சேதுராமனுக்கு.

குளத்தோரம் இரண்டு பெரிய ஜாடிகள் வைத்திருக்கிறார். உள்ளே கிளேபாங் கடற்கரை மணல், அதன்மேல் கரி, அதன்மேல் தேங்காய் நார். தினமும் காலையில் குளத்துத் தண்ணீரை வாளி வாளியாக மொண்டு ஊற்றுவார். அது வடிந்து, அடியிலிருக்கும் மூங்கில் குழாய் வழியாகத் திரும்பக் குளத்தில் விழும். வாரத்துக்கு ஒரு ஜாடியின் நாரை மட்டும், அதுவும் குளத்துத் தண்ணீரிலேயே, லேசாக அலசிப் போடுவார்.

அலசின பிறகும் நார் வழவழவென்றுதான் இருக்கும். எனக்குப் பார்க்கவே குமட்டும். இதில் வடிகிற தண்ணீர் எப்படி ஐயா சுத்தமாகும்?

போன வாரம் மனுஷன் பசாருக்குப் போன சமயம் பார்த்து இரண்டு ஜாடியையும் கவிழ்த்துக் கொட்டினேன். நாரையும் மணலையும் சாம்பல் போட்டுத் தேய்த்து, வெந்நீர் ஊற்றிக் கழுவி, பளிச்சென்று திரும்ப அடுக்கி வைத்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

மூன்றாம் நாள் குளம் வெளுத்துக் கலங்கிவிட்டது.

"அடிப்பாவி கமலவேணி! அந்த வழவழப்புதாண்டி தண்ணியத் தெளிய வைக்குது. ரெண்டையுமா கழுவின?" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

ஜப்பான்காரன் வந்து பார்த்தான். என் வீட்டுக்காரர் கன்னத்தில் பளாரென்று ஓர் அறை விட்டுவிட்டுப் போய்விட்டான். கழுவினது நான், வாங்கினது அவர். நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது இன்னும் நெஞ்சில் குத்திக்கொண்டுதான் இருக்கிறது.

அறை போகட்டும், கன்னம் ஆறிவிடும்.

சயாம் ரயில் வேலைக்கு ஜப்பான் பட்டாளம் ஆள் பிடிக்கிறது. போன மாதம் பக்கத்திலிருக்கும் செமாபோக் வரைக்கும் லாரி வந்துவிட்டது. என் அண்ணன் கலியாணசுந்தரத்தை ரப்பர் தோட்டத்திலிருந்து ஏற்றிக்கொண்டு போய் எட்டு மாதமாகிறது, உயிரோடு இருக்கிறானா என்றுகூடத் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் இன்னும் இங்கே இருப்பது ஒரு காகிதத்தால்தான். ஜப்பான்காரன் எழுதிக் கொடுத்தது. குளத்தின் அடியில் ஒரு பீங்கான் கோப்பை கிடக்கிறது, அதற்குள் வரைந்திருக்கும் பூ மேலேயிருந்து தெரிகிற அளவுக்குத் தண்ணீரைத் தெளிவாக வைத்திருப்பவன், இவன் எனக்கு வேண்டும் என்று எழுதியிருந்தான்.

அது மெய்தானா என்று பார்க்க, ஆள் பிடிக்கிற ஆபீசிலிருந்து இன்றைக்கு ஒருவன் வருகிறான். பூ தெரியாவிட்டால் லாரி.

அதற்குத்தான் செங்கல். கோப்பையை ஒரு சாண் தூக்கி வைத்துவிட்டால் போதும்.

குனிந்து கையை விட்டேன். முழங்கைகூட நனையவில்லை, கோப்பை தட்டுப்பட்டுவிட்டது. அதற்கு அடியில் ஏதோ பானையைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருந்தது.

அட கள்ள மனுஷா! நாலு நாளாக என்னோடு பேசாமல் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, செய்கிற வேலையைப் பார். சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. செங்கல்லோடு கரையேறினேன்.

ஒன்பது மணிக்கு ஆபீஸ்காரன் வந்தான். தேநீர் கொண்டுபோனபோது வராந்தாவில் பார்த்தேன். ஜப்பான்காரன் பிள்ளை மாதிரி வளர்க்கிற குட்டை மரம் மண்ணெண்ணெய் டின்னில் நின்றுகொண்டிருந்தது. தொட்டியை எவனோ உடைத்துவிட்டான், அவனுக்கும் ஓர் அறை விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆபீஸ்காரன் குளத்தோரம் குந்தி உட்கார்ந்து எட்டிப் பார்த்தான். மாரியாத்தா, மாரியாத்தா என்று என் வாய் முணுமுணுத்தது.

அவன் ஐந்து விரலை விரித்துக் காட்டினான். ஐந்து இதழ்.

காகிதத்தில் முத்திரை விழுந்தது.

அன்றைக்கு மரவள்ளிக்கிழங்கை என் வீட்டுக்காரர் தட்டில் வைத்துக்கொண்டே, "நல்ல நேரத்துல பானைய வச்சீங்க" என்றேன்.

"எந்தப் பானை?" என்றார். நடிப்பைப் பார் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் அவர் ஜாடிகளைக் கவனித்தார். குளத்துக் கல்லில் ஒட்டியிருந்த பாசியைச் சுரண்டி நாரில் தடவினார். பழையபடி தினமும் மொண்டு ஊற்றினார். நானும் கூட நின்று ஊற்றினேன். ஜாடிக்குள் மட்டும் கை வைக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலையில் தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்துவிட்டது. சிவப்பு மீன்கள் தெரிந்தன. கோப்பை தெரிந்தது, பூ தெரிந்தது.

கோப்பைக்கு அடியில், கவிழ்ந்தபடி, குட்டை மரத்தின் நீலத் தொட்டி.

திரும்பிப் பார்த்தேன். வராந்தாவில் ஜப்பான்காரர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

என் அண்ணனைக் கொண்டுபோன கூட்டத்தைச் சேர்ந்தவர்தான். அறைந்த கையும் அதுதான். ஆனாலும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

குளத்தில் இறங்கி, கோப்பையை அடியில் வைத்துவிட்டு, தொட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் மண்ணெண்ணெய் டின்னுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அதில் ஒட்டியிருந்த வழவழப்பைக் கழுவவில்லை.