எதிர்க்கடைக்காரன்

“அவனா அப்படிச் சொன்னான்?” தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார் சுயம்புலிங்கம்.

“ஆமாங்க. தீபாவளிக்குள்ள நீங்க போய்ச் சேந்திருவியளாம். நம்ம கடைய வாங்கி டெரிலின் செக்‌ஷன் போடப்போறானாம்” என்றாள் மனைவி பேச்சியம்மாள்.

தி.நகர் ரங்கநாதன் தெருவில் சுயம்புலிங்கத்துக்கும் சண்முகவேலுக்கும் எதிரெதிரே ஜவுளிக்கடை. பல வருஷமாக முகம் கொடுத்துப் பேசியதில்லை.

சுயம்புலிங்கத்துக்கு வயிற்றில் புற்று. மயிலாப்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்தும், சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தார். கஞ்சி வேண்டாம், ஊசி வேண்டாம், எதுவும் வேண்டாம்.

“என்னால ஆனதைச் செஞ்சுட்டேன். பிழைக்கணும்னு இனிமே அவருக்கே தோணணும்மா” என்று டாக்டர் ராஜகோபாலன் சொல்லிவிட்டார்.

இப்போது, “அந்தக் கஞ்சிய இப்படிக் கொண்டா” என்றார் சுயம்புலிங்கம்.

மறுநாள் பேச்சியம்மாள், “நம்ம கடை வாசல ஆள் விட்டு அளந்தானாம்” என்றாள். அவர் ஊசிக்குக் கையை நீட்டினார்.

அடுத்த வாரம், “பூக்கடையில உங்களுக்கு மாலைக்குச் சொல்லி வச்சிட்டானாம்.”

“ரோஜாவா, சம்பங்கியா?”

“சாமந்தியாம்.”

“கஞ்சப்பய” என்று கட்டிலை விட்டு இறங்கியவர், வார்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் படுத்தார்.

வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன அன்று, சட்டையைப் போட்டுக்கொண்டே சொன்னார்: “டாக்சிய நேரா அவன் கடைக்கு விடச் சொல்லு. அவன் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் வீடு.”

“அங்கெல்லாம் இப்ப எதுக்குங்க?” பேச்சியம்மாளுக்கு வேர்த்தது.

மாடிப்படிக்குப் பக்கத்தில் வந்ததும் சுயம்புலிங்கம் நின்றுவிட்டார். கைப்பிடியைப் பிடித்தபடி, பாதியாக இளைத்துப் போய் இறங்கிக்கொண்டிருந்தார் சண்முகவேல். பின்னால் அவர் மனைவி கோமதி.

“நீரா? இங்க என்ன வேய்?”

“வயித்துல கட்டி. மேல் வார்டுலதான் கெடந்தேன்.” சண்முகவேல் மூச்சு வாங்கினார். “நான் செத்தா எங்கடைய இடிச்சு மாட்டுக்கொட்டகை கட்டுவேன்னீராமே. உமக்கு முன்னால போயிருவேன்னு நெனச்சீரா?”

“மாட்டுக்கொட்டகையா? நானா?” சுயம்புலிங்கம் திரும்பிப் பேச்சியம்மாளைத் தேடினார்.

பெண்கள் இருவரும் அதற்குள் வாசலுக்கு நழுவியிருந்தார்கள். “ஏன் மதினி, மாட்டுக்கொட்டகை கொஞ்சம் அதிகமோ?” என்று கிசுகிசுத்தாள் பேச்சியம்மாள்.

“சும்மா இருங்க மதினி. அதச் சொன்ன அன்னைக்குத்தான் இவரு எந்திரிச்சு உக்காந்து இட்லி கேட்டாரு” என்றாள் கோமதி.