மூன்று பூட்டு மதகு

உலக நீர் மேலாண்மை வரலாற்றிலேயே முதன்முறையாக, ஓர் ஏரியின் மதகுக்கு மூன்று பூட்டுகள் போடப்பட்டன.

ஏரியைக் காக்க மூன்று ஊரும் கூடி சங்கம் வைத்திருந்தன. ஊருக்கொரு பூட்டு, ஊருக்கொரு சாவி. தீர்மான நோட்டில் இதற்குப் பரஸ்பர நம்பிக்கை என்று பெயர்.

அதே நோட்டில் கடைசி வரி: முதல் பூட்டைத் திறக்கும் ஊரே பயிர்ச் சேதத்துக்குப் பொறுப்பு.

அடம்பிடித்து அந்த வரியைச் சேர்த்தவர் கோடியூர்க்காரர்தான். ஊர்ச் சாவி அவரிடம். மதகுக்கு நேர் கீழே அவருடைய நெல்.

அறுவடைக்கு ஐந்து நாள்.

மழை மூன்று நாளாக விடவில்லை. கலங்கல் வழியே உபரி நீர் வழிந்தும் ஏரி இறங்கவில்லை. மதகை ஒட்டிக் கரை கசிந்தது.

அவர் சாவியோடு போனபோது மற்ற இரண்டு ஊர்ச் சாவிக்காரர்களும் முன்பே வந்திருந்தார்கள்.

அதுதான் உறுத்தியது. சொல்லிவைத்த மாதிரி ஏன் ஒன்றாக வரவேண்டும்?

"கரை ஊறுதுண்ணா. தொறந்துடலாம்," என்றாள் வடகரை லோகாம்பாள்.

தொறந்துடலாமாம். நெல் யாருடையது?

கசிவைக் குனிந்து பார்த்தார். நண்டு வளையாக இருக்கலாம். இவள் ஆட்களே கடப்பாரையால் குத்தியதாகவும் இருக்கலாம்.

"தொறயேம்மா. யார் வேணான்னது?"

"நீங்க மொதல்ல."

"ஏன், உன் சாவிக்கு ஜுரமா?"

"யாராவது ஆரம்பிங்க. நான் ரெண்டாவதா வந்துக்கறேன்," என்றார் தென்கரை துளசிராமன், பெரிய மனது பண்ணி.

மூன்றாவதாக வர கோடியூர்க்காரரும் தயாராகத்தான் இருந்தார்.

மூன்று குடை. மூன்று கையில் சாவி.

யார் கை அசைகிறது என்று மூவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

முதுகுக்குப் பின்னால் கசிவின் சத்தம் மாறியது.

அவர் திரும்பவில்லை. திரும்புகிற நேரத்தில் இவர்கள் தங்கள் பூட்டைத் திறந்துவிட்டு, கோடியூர்தான் முதலில் என்று சாதிப்பார்கள். சாட்சிக்கு ஒருவருக்கு மற்றவர் இருக்கிறார்.

மற்ற இருவரும் திரும்பவில்லை.

சத்தம் இன்னொரு முறை மாறியது. அப்புறம்தான் மூவரும் ஓடினார்கள்.

தண்ணீர் முதலில் அவருடைய நெல்லில் இறங்கியது. பிறகு பாரபட்சமில்லாமல் மூன்று ஊருக்குள்ளும்.

மழை விட்டதும் ஓர் அதிகாரி வந்தார். கரை இருந்த இடத்தைப் பார்த்தார். மதகைப் பார்த்தார். நோட்டைப் புரட்டினார்.

மூன்று பூட்டும் பூட்டியபடியே இருந்தன.

தீர்மானப்படி, யாரும் பொறுப்பில்லை.