தொரைக்குக் கேட்காத சத்தம்

“தொரை எங்கயும் போகாது. அது போகணும்னா நானும் கூடப் போறேன். ரெண்டு பேரையும் சேத்தே குடுத்துட்டு வாங்க.”

சொல்லிவிட்டு அழகுத்தாய் வாசலை மறித்து உட்கார்ந்துகொண்டாள். அவள் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. பிறந்த வீட்டிலிருந்து கொண்டு வந்த சீதனத்தில் இன்னும் தேயாமல் இருப்பது அந்தப் பிடிவாதம் ஒன்றுதான்.

பக்கத்தில் தொரை படுத்திருந்தது. வெள்ளை வெளேரென்ற உடம்பு, ரோஸ் நிற மூக்கு. அந்த நிறத்துக்காகவே வைத்த பெயர். தாய்நாய் ராணிக்குப் பால் சுரக்காமல் போனபோது, அழகுத்தாய்தான் பாலாடையில் ஊட்டி அதைப் பிழைக்க வைத்தாள். இப்போது விடியுமுன்னே அவள் மில்லுக்குக் கிளம்பினால் ரயில்வே கேட் வரைக்கும் துணைக்கு வருவது தொரைதான். திரும்பும்போதும் டவுன் பஸ் ஹாரன் கேட்டதுமே ஓடி வந்து அதே கேட்டில் நிற்கும். அந்த ஆளில்லாத பாதையில் அவளுக்கு வேறு துணை கிடையாது.

அவள் புருஷன் தவசிமுத்து ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறான். வருஷக்கணக்காக டெம்பரவரி. முதலாளியின் மச்சினருக்குக் கன்னியாகுமரிப் பக்கம் கடலோரத்தில் பங்களா. அவருக்கு அசல் ராஜபாளையத்து நாய் வேண்டுமாம். முதலாளியின் கண் தொரை மேல் விழுந்துவிட்டது. கொடுத்தால் வேலை பெர்மனெண்ட். கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று முதலாளி சொல்லவில்லை. சொல்லவா வேண்டும்?

“முதலாளிகிட்ட இல்லன்னு சொல்ல எனக்கு நாக்கு கிடையாதுட்டி,” என்றான் தவசிமுத்து. “அவியளா வேண்டாம்னாத்தான் உண்டு.”

“எனக்கு நாக்கு இருக்கு. அந்த மச்சினர் மூஞ்சிக்கு நேரா நானே சொல்லுதேன்.”

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை மொத்தக் குடும்பமும் கம்பெனி வேனில் ஏறியது. தவசிமுத்து பின்னால் கிடந்த பஞ்சு மூட்டையைப் பிரித்துப் பரப்பி மெத்தை போட்டுக் கொடுத்தான். பிள்ளைகள் இரண்டும் டிவி படத்தைக்கூட மறந்துவிட்டு அதில் உருண்டன. ராணியும் தொரையும் ஆளுக்கொரு ஜன்னலைப் பிடித்துக்கொண்டன.

திருச்செந்தூர் தாண்டியதும் வலது பக்கம் தேரி எனும் செம்மணல் மேடுகளும் பனங்காடும், இடது பக்கம் நீலமாகக் கடலும் கூடவே வந்தன. பிள்ளைகள் கத்தித் தீர்த்தார்கள். கடலையே பார்த்திராத நாய்கள் மூக்கை நீட்டி உப்புக்காற்றை மோந்தன. அழகுத்தாய் மட்டும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பிள்ளையைப் பறிகொடுக்கப் போகிறவளுக்குக் கடல் என்ன, குளம் என்ன?

உவரி தாண்டி ஒரு பம்புசெட் அருகே வேனை நிறுத்தினான் தவசிமுத்து. பெரிய இடத்துக்கு அழுக்காகப் போகக் கூடாது என்று தொரையைத் தான் மட்டும் கூட்டிப்போய்க் குளிப்பாட்டினான். துவட்டுவதற்கு அழகுத்தாய் வந்தபோதும் வேனுக்குப் பின்னால் வர வேண்டாம் என்று விரட்டிவிட்டான்.

“கிடாயக் குளிப்பாட்டுற மாதிரில்லா குளிப்பாட்டுதீக,” என்றாள்.

அதற்குப் பிறகு தொரை தலையை உதறிக்கொண்டே வந்தது. காதில் தண்ணீர் போயிருக்கும் என்றான் அவன். அழகுத்தாய் இரண்டு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டாள். திரும்பவே இல்லை. கொடுக்கப் போகிறோம் என்று தெரிந்து கோபித்துக்கொண்டது என்று நினைத்தாள். அப்போதுதான் முதல்முறையாக அவளுக்கு அழுகை வந்தது.

பங்களா வாசலில் மச்சினர் நாயைச் சுற்றி வந்து பார்த்தார். காலைப் பார்த்தார், வாலைப் பார்த்தார். ராஜபாளையத்து வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு உண்டு என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. பின்னால் போய் நின்று பளாரென்று கை தட்டினார். ராணி திடுக்கிட்டுத் திரும்பியது. தொரை அலையைப் பார்த்துக்கொண்டு நின்றது. விசில் அடித்தார். அதற்கும் அசையவில்லை.

“செவிட்டு நாயையா என் தலையில கட்ட வந்தே?”

அழகுத்தாய்க்கு வேண்டியதும் இதுதான். வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் தொரையை ஒருத்தர் செவிடு என்று சொல்ல, அவள் பார்த்துக்கொண்டிருப்பதாவது?

“யாரைச் சொல்லுதீக செவிடுன்னு? எங்கயோ வார பஸ் சத்தம் எங்க தொரைக்கு வீட்டுல இருந்தே கேக்கும்யா.”

தவசிமுத்து அவள் காலை மிதித்தான். அவள் அவனைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள்.

“ஏலே தொரை!”

திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டாள். குரல் உடைந்ததுதான் மிச்சம்.

மச்சினர் வாட்ச்மேனைக் கூப்பிட்டு கேட்டைத் திறக்கச் சொன்னார். “உன் முதலாளிகிட்டச் சொல்லுதேன். உனக்கு பெர்மனெண்ட் ஒரு கேடா?” என்று தவசிமுத்துவைப் பார்த்து உறுமிவிட்டு உள்ளே போனார்.

வேன் கிளம்பியது. பின்னால் பஞ்சின் மேல் நாயைக் கட்டிக்கொண்டு அழகுத்தாய் அழுதாள். நாய் திரும்பக் கிடைத்த சந்தோஷம்கூட அவளுக்கு இல்லை.

“குளிப்பாட்டுறேன்னு தண்ணிய ஊத்தி என் பிள்ளையச் செவிடாக்கிட்டீகளே. வேலையும் போச்சு. உங்களுக்கு இப்பத் திருப்தியா?”

தவசிமுத்து கண்ணாடியில் பங்களாவைப் பார்த்துக்கொண்டே ஓட்டினான். பங்களா பனைமரங்களுக்குப் பின்னால் முழுசாக மறைந்த பிறகு வேனை ஓரங்கட்டினான். இறங்கி வந்து பின்கதவைத் திறந்து தொரையின் தலையை மடியில் வைத்துக்கொண்டான். இரண்டு காதுகளுக்குள்ளும் ஆழமாக விரலை விட்டு, உருட்டித் திணித்திருந்த கம்பெனிப் பஞ்சை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தான்.

“காரியத்தையே கெடுக்கப் பாத்தியேட்டி,” என்றான். “இப்பக் கூப்பிடு.”