நட்சத்திரம் விழாத பாட்டு

விருந்துகளில் பாட்டுப் போடும் அந்த டீஜே, எந்தப் பாட்டுக்கும் தானாக நட்சத்திரம் கொடுத்ததே இல்லை. புதுப்பாட்டைக் கணினியில் ஓடவிட்டு, சமையலறையில் நிற்கும் மனைவியின் காலையே பார்த்துக்கொண்டிருப்பான். அது தாளம் போட்டால் ஐந்து நட்சத்திரம். பாட்டின் பக்கத்தில் குறிப்பும் எழுதுவான்: "கரண்டியோட ஆடுறா." "என்னைத் திட்டுறா, ஆனா கால் ஆடுது."

திடீரென்று ஒருநாள் அவன் கண்ணை மூடினான். தொழிலை அவள் தம்பி எடுத்துக்கொண்டான். பாட்டுகளை வேகம் பார்த்துப் பிரித்து, நட்சத்திரம் போட்டு, குறிப்பெழுதி அடுக்குவது மட்டும் அவள் வேலையாயிற்று.

இன்று காலை தம்பி சில புதுப்பாட்டுகளை இறக்கி வைத்திருந்தான். முதல் பாட்டை ஓடவிட்டாள். நல்ல துள்ளலான பாட்டுதான். ஆனாலும் பாதியிலேயே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நட்சத்திரம் போடப் போனபோது குறிப்பு ஏற்கெனவே இருந்தது: "கால் அசையல. அழுறா."

"டேய், புதுப்பாட்டுல நீ ஏதாவது எழுதினியா?"

"இல்லக்கா. இறக்கினதோட சரி, இன்னும் கேக்கவே இல்ல," என்றான் தம்பி, வாசலில் ஸ்பீக்கரை வண்டியில் ஏற்றிக்கொண்டே.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பாட்டை முதலிலிருந்து ஓடவிட்டு, சமையலறைக்குப் போய் எப்போதும் நிற்கும் இடத்தில் நின்றாள். பாட்டு முடியும்வரை விடாமல் காலால் தாளம் போட்டாள்.

திரும்பி வந்து பார்த்தாள். நட்சத்திரம் ஒன்றுகூட விழவில்லை. குறிப்பு மட்டும் மாறியிருந்தது.

"எனக்காக சும்மா ஆட்டுறா."