ஆறாவது பேர்

பட்டியலில் இருந்த ஆறாவது பேரை மொய்ரா சிஸ்டர் நாலாவது தடவையாகக் கூப்பிட்டாள். இந்தத் தடவை தொண்டை கிழிய.

வராந்தாவில் ஓர் அசைவும் இல்லை. காதுக்கு மருந்து விட வந்திருந்த கிழவர் தலையைக் குனிந்துகொண்டு தன் பாஷையில் என்னவோ முணுமுணுத்தார். சிஸ்டருக்கு ஓர் எழவும் புரியவில்லை. பெஞ்சின் கோடியில் இருந்த பொண்ணு தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வரல டாக்டர்," என்று உள்ளே வந்து பொரிந்தாள் சிஸ்டர். "பதினாலு வயசுப் பொண்ணுக்கு இதயத்துல வால்வு ஒழுகுது. நீங்க பெர்த்லேர்ந்து ஆறு மாசத்துக்கு ஒரு நாள்தான் வர்றீங்க. அன்னிக்குக்கூட அனுப்பலேன்னா அது என்ன குடும்பம்?"

டாக்டர் பிரைஸ் ஸ்கேன் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"விடுங்க சிஸ்டர். இங்க இது வழக்கம்தான். கையைப் பிடிச்சு இழுத்துட்டா வர முடியும்? எனக்கு மூணு மணிக்கு விமானம்."

மொய்ராவுக்கு விட மனசில்லை. பதினோரு வருஷம் சுரங்கத்து மருத்துவ அறையில் இருந்தவள். அங்கே பேரைக் கூப்பிட்டால் ராட்சச லாரி ஓட்டுகிற தடியன்கூட ஓடி வந்து சட்டையைக் கழற்றுவான். பாலைவனத்து நடுவில் இருக்கிற இந்தப் பழங்குடி ஊரின் நர்ஸ் வேலையை விட்டுப் போனதால் இவளை ஒரு மாசத்துக்கு இரவல் கொடுத்திருந்தார்கள். வந்து மூணு நாள்தான் ஆகிறது. அதற்குள் எங்கேயோ ஒரு சாவு என்று நேற்றே ஊர் முக்கால்வாசி காலி. கூட வேலை செய்கிற நோரீனும் போய்விட்டாள். யாரிடம் போய்க் கேட்பது?

மறுபடி வராந்தாவுக்கு வந்தாள்.

கோடியில் இருந்த பொண்ணு கதவு திறக்கும் முன்பே வந்து உட்கார்ந்தவள். காலையில் பேர் கேட்டதற்கு, "குன்மனரா," என்று காதில் விழாத குரலில் சொன்னாள். பட்டியலில் அப்படி ஒரு பேரே இல்லை. "இன்னிக்கு ஹார்ட் டாக்டர் வர்ற நாள்மா. உன்னை அப்புறம் பாக்கறேன்," என்று சிஸ்டர் உட்கார வைத்திருந்தாள்.

"ஏய் பொண்ணே!" ஆறாவது பேரைச் சொல்லி, "அவ வீடு தெரியுமா உனக்கு?" என்று கேட்டாள்.

தெரியும் என்று தலையாட்டினாள்.

"ஓடிப் போய்ப் பாத்துட்டு வா. இருந்தா இழுத்துட்டு வா. ஓடு!"

அந்தப் பொண்ணு சிஸ்டரை ஒரு நிமிஷம் ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு எழுந்து வெயிலில் இறங்கிப் போனாள்.

திரும்பி வர அரை மணி நேரம் ஆயிற்று.

"அந்தா தெரியற வீட்டுக்குப் போய்ட்டு வர அரை மணியா? வழியில விளையாட்டா?"

பொண்ணு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவ வீட்ல இருக்காளா இல்லியா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"நல்ல ஊரு, நல்ல ஜனங்க!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் சிஸ்டர்.

டாக்டர் மெஷினை மூடினார். "இன்னிக்குப் பாத்திருந்தா ஆபரேஷனுக்கு எழுதியிருப்பேன். அந்த வால்வு இன்னும் ஆறு மாசம் தாங்கும்னு எனக்குத் தோணல. என்ன பண்றது?" பின்பக்கக் கதவு வழியாகப் போய் ஜீப்பில் ஏறிவிட்டார்.

சிஸ்டர் ஆறாவது பேருக்கு நேரே எழுதினாள்: 'வரவில்லை. குடும்பத்துக்கு அக்கறை இல்லை.'

நாலு மணிக்கு போன் வந்தது. நோரீன்தான்.

"சிஸ்டர், எங்க அக்கா பொண்ணைப் பாத்துட்டாரா டாக்டர்? இங்க அவ அம்மா தவியா தவிக்கிறா."

"உங்க அக்கா பொண்ணா அவ? பத்து தடவை பேரைச் சொல்லிக் கத்தினேன். வந்தாத்தானே பாக்க!"

"பேரைச் சொல்லியா கூப்பிட்டீங்க?"

"பின்னே எப்படிக் கூப்பிடறதாம்?"

"ஐயோ சிஸ்டர்! நாங்க அழ வந்திருக்கிறது அவ அத்தைக்கு. ரெண்டு பேருக்கும் ஒரே பேரு. செத்தவங்க பேரை நாங்க வாயால சொல்ல மாட்டோம். அதே பேர் உள்ளவங்க அந்தப் பேருக்குத் திரும்பிக்கூடப் பாக்கக் கூடாது. அவங்க எல்லாரையும், பேருக்குப் பதிலா, 'குன்மனரா'ன்னுதான் கூப்பிடுவோம். புறப்பட்ட அவசரத்துல உங்ககிட்ட சொல்லத் தவறிட்டேன், பாவி!"

சிஸ்டர் பட்டியலை இழுத்து, ஆறாவது பேருக்கு நேரே தான் எழுதியிருந்ததைப் பார்த்தாள்.

"ஆனா அவ அங்கதான் இருப்பா சிஸ்டர். விடிஞ்சதும் போய் உக்காருன்னு சொல்லிட்டுத்தான் வந்தோம். நாலு எட்டு நடந்தாலே மூச்சு முட்டுது அவளுக்கு. அதனாலதான் சாவுக்குக்கூடக் கூட்டிட்டு வரல. புதுசா வந்தவங்க தப்புப் பண்ணினா சட்டுனு சொல்ல மாட்டா. உங்களுக்கு அவமானமாயிடும்னு பேசாம இருந்திருப்பா. கொஞ்சம் வராந்தாவுல பாருங்களேன்..."

ரிசீவரை அப்படியே மேஜையில் போட்டுவிட்டு மொய்ரா வெளியே ஓடினாள்.

கிழவர் போய்விட்டிருந்தார். கோடியில் அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். சிஸ்டரைப் பார்த்ததும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து நின்றாள்.

"டாக்டர் இப்ப என்னைப் பாப்பாரா, சிஸ்டர்?"