குடைக்குக் கீழே

"என் ஓட்டை நீ போட வேண்டாம். அக்காவைக் கூப்பிடு."

வாக்குச்சாவடி வாசலில், மகன் பிடித்திருந்த கையை உதறிவிட்டுச் சொன்னார் அப்பா. வேலைக்காலம் முழுக்கப் பேருந்து ஓட்டியவர். கண்பார்வை போன பிறகு வரும் முதல் தேர்தல். அவர் சொல்லும் சின்னத்தில் முத்திரை குத்த, துணைக்கு ஒருவர் உள்ளே போகலாம்.

மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நானா? விளையாடாதீங்கப்பா."

"நீதான். குடையில குத்தணும். தெரியுமில்ல?"

தெரியாமல் என்ன! அந்தக் குடைக் கட்சியை வைத்துச் சாப்பாட்டு மேசையில் எத்தனை சண்டை!

"டிப்போவுல நாங்க படுக்க அறை கட்டிக் கொடுத்தவங்கடி. அதுக்கு முன்னாடி பஸ்ஸுக்கு அடியிலதான் எங்க தூக்கம்" என்பார்.

"அந்த அறையில இப்போ பெருச்சாளி தூங்குது" என்பாள் நர்ஸ் வேலை பார்க்கும் மகள். "தெருக்குழாய்ல தண்ணி வரலை, சாக்கடைக்கு மூடி இல்லை. பழசுக்கே ஓட்டுப் போட்டுட்டிருந்தா எங்க காலம் எப்பப்பா வரும்?"

தம்பி அவள் காதருகே குனிந்தான். "தானா வந்த வாய்ப்புக்கா. அப்பாவுக்குத் தெரியவா போகுது? நம்ம பக்கம் குத்திடு."

"கண்ணுதான்டா போச்சு, காது போகலை" என்றார் அப்பா. "இதுக்குத்தான் உன்னை வேண்டாம்னேன்."

உள்ளே தேர்தல் அதிகாரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டினார். "கூடாதுன்னு எங்கேயும் போடலை. ஆனா ஐயா, இவங்க கையிலயா? நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

குடைக் கட்சியின் முகவர் எழுந்தேவிட்டார். "அண்ணே, நம்ம ஓட்டு போச்சு!"

"அது என் ஓட்டு. நீ உட்காருப்பா."

தடுப்புக்குப் பின்னால் வாக்குச்சீட்டை விரித்தாள். அப்பாவின் கை அவள் தோளில் இருந்தது. விரல்களுக்கிடையே முத்திரைக் கட்டை வழுக்கியது. ஒரு விரற்கடை கீழே இறக்கினால் போதும்; யாருக்கும் தெரியப்போவதில்லை.

நினைத்த மாத்திரத்தில் கூசிப்போனாள். தோளில் கிடந்த கை அவளைச் சோதிக்கவில்லை. சோதிக்கிறவர் இவ்வளவு நிம்மதியாக மூச்சு விடமாட்டார். முகத்துக்கு நேரே எதிர்த்துப் பேசுகிறவள் முதுகுக்குப் பின்னால் எதுவும் செய்யமாட்டாள் என்று இந்த மனிதர் எந்தச் சண்டையின் நடுவில் முடிவு செய்திருப்பார்?

குத்தினாள்.

வெளியே வந்ததும் அப்பா கேட்கவேயில்லை. அவளே சொன்னாள். "குடையிலதான்பா."

"தெரியும்." தடவித் தடவி அவள் தலையில் கை வைத்தார். "என் கட்சியை என்னால விட முடியலடி. ஆனா, ஒரே ஒரு ஓட்டுல நீ தோத்துட்டா மட்டும் அப்பாவைத் திட்டக் கூடாது, என்ன?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வாக்குச்சீட்டில் குடைக்கு நேர் கீழே, மை படாமல் இருந்த வேட்பாளர் பெயர் அவளுடையதுதான்.