நிற்காத கடல்

ஏறுவது சிமுலேட்டர் என்கிற பயிற்சிக் கூண்டா, நிஜ விமானமா என்று புது விமானிகளுக்குக் கம்பெனி சொல்வதில்லை. நிஜம் என்று தெரிந்தால் பயந்துவிடுவார்களாம். இரண்டுக்கும் ஒரே மூடிய நடைபாதை, ஒரே பொத்தான்கள், விமானி அறைக் கதவுக்குப் பின்னால் அதே குழந்தை அழுகை. இட்லி வாசனை வந்தால் நிஜம் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். மறுவாரமே கூண்டிலும் இட்லி மணத்தது.

ஜெனிட்டாவுக்கு ஒரு பழக்கம் ஊறிப்போயிருந்தது. கூண்டில் நிலைமை கைமீறினால், பக்கத்தில் இருக்கும் பயிற்சி கேப்டன் அன்வர்தீன் சிவப்புப் பொத்தானை அழுத்துவார். ஜன்னல் திரையில் ஓடும் கடல் அப்படியே உறைந்து நிற்கும். பிறகு தப்பைச் சொல்லித் தருவார். வீட்டில் பால் பொங்கி வழிந்தால்கூட, யாரோ நிறுத்தப்போகிறார்கள் என்பதுபோல் அவள் பார்த்துக்கொண்டே நிற்பாள்.

இன்று தூத்துக்குடியிலிருந்து மேலேறும்போது இடது இன்ஜின் நின்றது. பதறாமல் சமாளித்தாள். சற்று நேரத்தில் வலதும் நின்றது. கன்ட்ரோலை விட்டுவிட்டு, கைகளை மடியில் வைத்துக் காத்திருந்தாள்.

கடல் உறையவில்லை. அலைகளின் நுரை தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்தது.

"சார், நிறுத்துங்க. எங்க தப்பு பண்ணேன்னு சொல்லுங்க."

அவர் பக்கம் திரும்பினாள். அன்வர்தீனின் சட்டைக் காலர் வியர்வையில் நனைந்திருந்தது.

"இந்த மாசத்துலருந்து எங்களுக்கும் சொல்றதில்லம்மா."

அவருடைய கட்டைவிரல் சிவப்புப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தது.